வேப்ப மருந்தை நிழலில் வையுங்கள் ஐயா

எங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மக்காச்சோளத்துக்காக உங்கள் கிடங்கில் மானியத்தில் வாங்கிய வேப்ப மருந்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். லேபிளில் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) அசாடிராக்டின் என்று இருக்கிறது; வேப்பங்கொட்டையில் இருக்கும், புழுவைத் தடுக்கும் சரக்கு அதுதான். பெட்டிகள் அடுக்கியிருப்பதோ தகரக் கூரைக்கு அடியில், மேற்குச் சன்னல் ஓரம். மத்தியானம் வாங்கும்போது பாட்டில் கையைச் சுட்டது. அதை நிழலான இடத்துக்கு மாற்றுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

2018இல் நம் நாட்டுக்கு வந்து மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மக்காச்சோளம் ஒன்றும் சும்மா நிற்கும் பயிர் இல்லை. இளம் பயிரில் டிம்போவா என்ற நச்சு இருக்கிறது. புழு கடித்தால், அந்தப் புழுவைத் தேடும் குளவிகளை இழுக்கிற வாசனையையும் காற்றில் விடும். ஆனால் படைப்புழுவுக்கு டிம்போவாவை முறிக்கத் தெரியும். அதனால்தான் வேம்பு தன் கொட்டையில் சேர்த்துவைத்திருப்பதைக் கடன் வாங்குகிறோம். அது உடனே கொல்லாது. புழுவுக்குத் தீனி பிடிக்காமல் போகும், தின்றதும் சரியாகத் தோலுரிக்க முடியாமல் சாகும். எல்லாம் புழு சின்னதாக இருக்கும்போதுதான். அந்த நாட்களைத் தவறவிட்டால் புழு குருத்துக்குள் இறங்கி எச்சத்தாலேயே மேலே அடைத்துக்கொள்ளும். அப்புறம் எதை அடித்தாலும் வெளியேதான் வழியும்.

எனக்கு அதுதான் நடந்தது. வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும், சாயங்காலம் அடியுங்கள் என்று பயிற்சியில் சொன்னது நீங்கள்தான். அப்படியே அடித்தேன். குருத்தைப் பிரித்துப் பார்த்தால் புழு பெருத்துக் கிடக்கிறது. கிடங்குக்கு வந்து கேட்டதற்கு, அங்கே இருந்தவர்கள் "வேப்பெண்ணெய்தானே, அவ்வளவுதான் கேட்கும்" என்றார்கள். சாயங்காலம் மட்டுமே அடிக்க வேண்டிய மருந்து கோடை முழுக்கச் சன்னலோரம் வேகலாமா?

அமெரிக்க அரசும் அங்குள்ள ஒரு நிறுவனமும் ஐரோப்பாவில் வாங்கிய வேப்பெண்ணெய்க் காப்புரிமையை எதிர்த்து அங்கே வரை போய் வழக்காடி 2005இல் ஜெயித்தோம். வேம்பு நம் சொத்து என்று மேடைக்கு மேடை பெருமை வேறு. அந்தச் சொத்தை வைக்க நம் கிடங்கில் ஒரு நிழல் மூலை கிடைக்கவில்லை! விதை வேண்டுமானால் இந்த பாட்டிலையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்கிற கட்டாயம் இன்னொரு கூத்து. சரி, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது கேட்பது, மருந்தை நிழலுக்கு மாற்றுங்கள் என்பதுதான். இருப்பில் உள்ளதில் ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பி, அசாடிராக்டின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். அதுவரை நானே வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்துக்கொள்கிறேன். 100 லிட்டருக்கு 5 கிலோ என்ற கணக்கும் உங்களிடம் கற்றதுதான். ஆனால் ஆள் கூலி கொடுத்து இடித்து வடிகட்ட எல்லோருக்கும் கட்டுமா? அடுத்த விதைப்புக்கு முன் செய்து கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவன்