‘ஒரு பைசா செலவில்லை’ என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் இணையவழி இலவச டிவி (சந்தா வாங்காமல், விளம்பரத்தோடு நெட்டில் ஓடும் சேனல்கள்) பற்றி வந்த கட்டுரையில், “சந்தா கிடையாது, செட்டாப் பாக்ஸ் கிடையாது, ஒரு பைசா செலவும் கிடையாது” என்று ஒரு வரி. முதல் இரண்டும் சரி. மூன்றாவதை எழுதியவர் நெட் பில் வராத வீட்டில் குடியிருக்கிறார் போலும். கொடுத்து வைத்தவர்.

அந்த ஒரு வரி எங்கள் பக்கம் என்ன செய்தது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் கேபிள் ஆபரேட்டருக்கு ஒரே கேள்விதான்: “ஏனுங்க, இனி பொட்டி வேண்டாம்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்களே, எதுக்குங்க மாசாமாசம் வாங்கறீங்க?” பேப்பரில் போட்டால் அது வேதவாக்கு. அந்த மரியாதையைத் தங்கள் இதழ் காப்பாற்ற வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். எச்டி தரத்தில் ஒரு சேனல் ஓட நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். மணிக்கு 2.25 ஜிபி. நாளைக்கு நான்கு மணி நேரம் டிவி ஓடும் வீட்டில் மாதம் 270 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் செல்போன் ரீசார்ஜில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தால் 40 நிமிடத்தில் அன்றைய டேட்டா முடிந்தது. சீரியல் பாதியில் நிற்கும். ஆகவே ஃபைபர் இணைப்பு கட்டாயம். மாதம் 399 ரூபாய்த் திட்டம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 471 ரூபாய். இரவும் பகலும் எரியும் ரவுட்டர் 10 வாட் என்றாலே இரண்டு மாத மின் கணக்கில் 14 யூனிட்டைத் தின்றுவிடும். நெட் ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் புதுச் செலவில்லை, ஒப்புக்கொள்கிறோம். டிவிக்காகவே நெட் வாங்கும் வீட்டுக்கு?

அதிலும் நம் ஊர் அமைப்பு வேறு. கொங்கு நாட்டில் நிறையக் குடும்பம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீட்டில்) இருக்கிறது. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே தென்னந்தோப்போ சோளக்காடோ கிடக்கும். தென்னை மட்டை விழுந்தால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபரின் ட்ராப் கேபிள் அறும். அணில் கடித்தாலும் அதே கதி. வீட்டிலிருக்கும் மோடத்தில் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அறாமல் மடங்கிக் கிடந்தால் இன்னும் தொல்லை. ஒளி அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கீழே இறங்கும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வரும், வீட்டுக்காரர் டிவியைத் திட்டுவார். கோயமுத்தூர் அபார்ட்மெண்டில் இருந்து எழுதினால் இதெல்லாம் கண்ணில் படாது.

கட்டுரையில் புளூட்டோ டிவி, டூபி என்ற இரண்டு அமெரிக்கச் சேவைகளையும் விலாவாரியாகப் புகழ்ந்திருந்தீர்கள். புளூட்டோவை 2019-இல் வயாகாம் 34 கோடி டாலருக்கும், டூபியை 2020-இல் ஃபாக்ஸ் 44 கோடி டாலருக்கும் வாங்கியதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டும் இந்தியாவில் சேவை தருவதில்லை என்ற ஒரு வரியைச் சேர்க்க இடமில்லையா? இங்கே கிடைப்பது சாம்சங் டிவி ப்ளஸ் (இந்தியாவுக்கு வந்தது 2021-இல்), எல்ஜி சேனல்ஸ் போன்று டிவியோடு சேர்ந்தே வருபவை. கட்டுரையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் எங்கிருந்தோ ஏபிகே ஃபைலை (செயலியைக் கடைக்கு வெளியே நேரடியாக ஏற்றும் ஃபைல்) பென்டிரைவில் இறக்கி, ‘தெரியாத செயலிகளை அனுமதி’ என்பதையும் அழுத்தி டிவியில் ஏற்றுகிறார்கள். அந்த அனுமதியைத் திரும்ப மூட யாருக்கும் நினைவிருப்பதில்லை. அப்புறம் டிவி தானாகவே விளம்பரப் பக்கங்களைத் திறக்கிறது என்று புகார்.

விளம்பரம் எப்படி வருகிறது என்பதையாவது எழுதியிருக்கலாம். கேபிளில் ஊருக்கே ஒரே விளம்பரம். இதில் சேனல் ஓடும்போது இடைவேளைக் குறி வந்ததும், சர்வரிலேயே அந்தந்த டிவிக்குத் தனித்தனி விளம்பரத்தைச் செருகி அனுப்புகிறார்கள். ஆயிரம் முறை காட்டினால் இத்தனை ரூபாய் என்று விலை. அந்த நேரத்துக்கு விளம்பரம் விற்கவில்லை என்றால் ஒன்று ‘விரைவில் தொடரும்’ என்ற அட்டை, இல்லாவிட்டால் அதே சோப்பு விளம்பரம் நான்கு முறை. நெட் இணைப்பின் எண் முகவரியை (ஐபி) வைத்து ஊரைக் கணிப்பதால், கணிப்பு தவறிய நாளில் காங்கயத்து ஓட்டு வீட்டில் பெங்களூரு ஃபிளாட் விற்கிறார்கள். கேபிள், டிடிஎச் சேனல்களுக்கு மணிக்கு 12 நிமிட விளம்பர வரம்பு விதியில் இருக்கிறது (மதிக்கிறார்களா என்பதைத் தாங்களே அறிவீர்கள்). அது கேபிள் டிவி விதிகளில் எழுதப்பட்டது, நெட்டில் வரும் சேனலை மனதில் வைத்து எழுதியதல்ல.

பணமாக இல்லாமல் நாம் பார்ப்பதைப் பற்றிய தகவலாகக் கொடுக்கும் மிச்ச விலையைப் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை. பல ஸ்மார்ட் டிவிகள் திரையில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி படம்பிடித்து அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும். எச்டிஎம்ஐயில் கேபிள் பெட்டியைச் சொருகிப் பார்த்தாலும் விடாது. இதைக் கேட்காமல் செய்ததற்காக அமெரிக்காவில் விசியோ கம்பெனி 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. புது டிவி மாட்டும் அன்று அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ அழுத்துகிறோமே, அந்த வரிசையில்தான் இதுவும் ஒளிந்திருக்கிறது.

‘இலவசம்’ என்ற சொல்லில் தங்கள் இதழுக்கு ஏனோ பழைய மயக்கம். 2006-இல் அரசு கலர் டிவி கொடுத்தபோதும் இப்படித்தான் கொண்டாடினீர்கள். அதன் பின்னால் சொருகிய வயருக்கு மாதாமாதம் கட்டியது வீட்டுக்காரர். 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த புதுக் கட்டணம் வந்தபோது, “பிடித்த சேனலுக்கு மட்டும் பணம், பில் பாதியாகும்” என்று தலைப்பு. ஒரு கட்டணச் சேனல்கூட எடுக்காமலே அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 153 ரூபாய் 40 காசு என்பதை அந்தத் தலைப்புக்குக் கீழே தேடினோம், கிடைக்கவில்லை. திட்டு வாங்கியது ஆபரேட்டர். 2023-இல் ஜியோசினிமாவில் ஐபிஎல் இலவசம் என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். 2025-இல் அது ஜியோஹாட்ஸ்டாராகி ஆட்டம் சந்தாவுக்குள் போனது உள்பக்க மூலையில் நாலு வரி.

உண்மையிலேயே மாதச் செலவில்லாத டிவி வேண்டுமென்றால் அது 2004-லிருந்து இருக்கிறது: தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் போதும், நெட் வேண்டாம். நம் பகுதியில் டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்பி, ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டும். எதிரே மரக்கிளை இருக்கக் கூடாது. குறையும் உண்டு. டிடி தமிழ் வரும், தனியார் தமிழ்ச் சேனல்கள் சொற்பம். அந்தக் குறையைத் தட்டிக் கேட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தால் கும்பிட்டிருப்போம்.

கேபிளை எடுத்துவிட்டால் போவது உள்ளூர் சேனலும்தான். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) சுற்றுத் தண்ணீர் என்றைக்கு விடுகிறார்கள், எந்தக் கோயிலில் பூச்சாட்டு என்பதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனியின் சேனல் பட்டியலில் வராது. நூற்றுக்கணக்கான சேனல்களில் தமிழைத் தேடி அம்புக்குறியை அழுத்தி அழுத்தி அமுச்சிமார் (பாட்டிமார்) விரல் தேய்வது தனி.

இத்தனைக்குப் பிறகும் இந்தச் சேவையை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பார்க்கட்டும். அதற்குத் தங்களிடம் கேட்பது சின்ன உதவி. அடுத்த ஞாயிறு, பழைய நாளில் டிவி நிகழ்ச்சி நிரல் போட்டு வந்த இடத்தில் (அதையும் எடுத்துவிட்டீர்கள்), ஒரு கட்டத்துக்குள் இவற்றை மட்டும் அச்சிடுங்கள்: டிவிக்கு வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேட்-6 எனும் நெட்வொர்க் வயர் இழுப்பது நல்லது, முடியாவிட்டால் ரவுட்டரைப் பரணிலிருந்து இறக்கி டிவி இருக்கும் அறையில் வைக்கவும். எந்தச் சேனலும் திறக்கவில்லை என்றால் முதலில் டிவியின் தேதியைப் பார்க்கவும். கரண்ட் போய் வந்து தேதி பின்னால் போயிருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது. சாம்சங்கில் தனியுரிமைப் பகுதிக்குள் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் ப்ளஸ்’ என்பதை அணைக்கவும்; மாடலுக்கு மாடல் இடம் மாறும், பெயரைப் பார்த்துத் தேடவும்.

கட்டத்தின் தலைப்பில் ‘இலவச’ என்பதை அடித்துவிட்டு ‘சந்தா இல்லாத’ என்று போட்டால் போதும். எழுத்து கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேபிள் தொழிலில் உள்ள வாசகர்,
காங்கயம்.