தேர்வு முடிவு வந்த ஞாயிறு: சேகரக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளின் போதகர்களுக்கும், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழு உறுப்பினர்களுக்கும்,

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம். நற்கருணை எடுக்கப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பை நடத்துகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடிவு வந்ததும், அடுத்த ஞாயிறு ஆராதனையின் நடுவே முதல் மதிப்பெண் எடுத்தவர்களைப் பீடத்தருகே அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்கள் உழைத்த பிள்ளைகள். அவர்களுடைய மகிழ்ச்சியில் நானும் பங்குகொள்கிறேன். ஆனால் அதே ஞாயிறு கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே கிடக்கும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். "கூட்டிக்கொண்டு வந்தால் எல்லாரும் மார்க் கேட்பார்கள்" என்கிறார்கள் தாய்மார். வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவை விசுவாசிக்கிறேன் என்று சபைமுன் அறிக்கையிட்டு நற்கருணை எடுத்த பிள்ளை, தான் யார் என்பதை மதிப்பெண் பட்டியலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு நாமே துணைபோகிறோம்.

வேறு எங்கே நடந்தாலும், இந்த மண்ணில் நடக்கக் கூடாது. திருவிதாங்கூர் ஆட்சியில் மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்ட காலத்தில், நம் பாட்டிமார் தோள்சீலை போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்கள். சீலை கிழிக்கப்பட்டது, அடி விழுந்தது. 1858-59 கலவரத்தில் ஜெபவீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலையில் அரசு இறங்கிவந்து, மேலாடை அணிய அனுமதித்து ஆணை பிறப்பித்தது. (அந்தப் போராட்டத்தில் சபைக்கு வெளியே இருந்தவர்களும் நின்றார்கள், அதை நாம் மறக்கக் கூடாது.) பட்டமோ பதவியோ பார்த்து அவர்கள் தலைநிமிரவில்லை. "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்" என்ற ஆதியாகம வசனம், ஊர் சொன்னதைவிடப் பெரிதாக அவர்கள் காதில் விழுந்தது என்றே நம்புகிறேன்.

வாழ்வின் நோக்கம் பற்றியும் ஒன்று கேட்கிறேன். 'தேவன் உனக்கு வைத்திருக்கும் திட்டம்' என்று பிரசங்கிக்கும்போது, சாட்சியாக ஏன் எப்போதும் மருத்துவப் படிப்பும் வெளிநாட்டு வேலையுமே வருகின்றன? யாத்திராகமம் 31-ஐத் திறந்து பாருங்கள். தேவன் பேர்சொல்லி அழைத்துத் தம்முடைய ஆவியினால் நிரப்பிய பெசலெயேல் ஒரு கைத்தொழிலாளி. பொன்னிலும் வெண்கலத்திலும் வேலை செய்தவர், கல் பதித்தவர், மரம் செதுக்கியவர். நம் ஆண்டவரையும் ஊரார் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள். ஐடிஐயில் வெல்டிங் படிக்கும் பையனுக்கும், விடியுமுன் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவனுக்கும் இதை எந்த ஞாயிறு சொன்னோம்? தன் கையைத் தேவன் ஒரு வேலைக்காக உண்டாக்கினார் என்று அந்தப் பையன் ஒருமுறையாவது கோயிலில் கேட்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மதிப்பெண் பாராட்டைப் பள்ளிக்கூட விழாவுக்கு விட்டுவிடுங்கள். அந்த ஞாயிறு, தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளையும், தவறியவர்களையும் சேர்த்து, பீடத்தருகே அழையுங்கள். போதகர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும். நேரமாகும், அறிவிப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் போகும் பணத்தில் துணைத்தேர்வுக்கான வகுப்புகளைக் கோயில் வளாகத்திலேயே நடத்துங்கள். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டால், கணக்குப் பாடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியை ஒருத்தி