அந்த இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள்

எங்கள் பஜார் வியாபாரிகள் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும், கூடலூர் மலையில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது.

பஸ் ஸ்டாண்டு முனையில் சங்கத்தின் பெயரில் நிற்கும் பலகையைப் பற்றித்தான். அதில் இருப்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். வங்கதேசத்தில் இந்துக்கள் தாக்கப்படுவதைக் கண்டித்து அந்நாட்டுப் பொருட்களை விற்க மாட்டோம் என்பது முதல் வரி. வங்கதேசத்தவருக்கு எந்தக் கடையிலும் சாமான் கிடையாது என்பது இரண்டாவது. முதல் வரியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்கு நேரிலேயே தெரியும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான கீழ் லைனில் இருக்கும் ஒரு பெண், கைக்குழந்தையோடு செலவு சாமான் வாங்க வந்தார். ஊர் நம் நாட்டு மேற்கு வங்கத்தில் ஜல்பாய்குரி. அங்கே வேலை செய்த தேயிலைத் தோட்டம் மூடிப்போனதால் புருஷனோடு இங்கே வந்து கொழுந்து எடுக்கிறவர். அரிசி, மசூர் பருப்பு, கடுகெண்ணெய், பிள்ளைக்குப் பால் பவுடர். சீட்டுகூட இல்லை, எல்லாம் விரலை நீட்டிக் கேட்கிற சாமான்தான். எந்த ஊர் என்று கடையில் கேட்டார்கள். பெங்கால் என்றார். "போர்டைப் பார்க்கலையா?" என்று அடுத்த கேள்வி. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆதாரை எடுத்து நீட்டினார். "இதெல்லாம் டூப்ளிகேட் அடிக்கிறாங்க" என்று சொல்லி, அதைத் தொடாமலே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கடைக்காரர் முதல் கடையில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். அவரும் கையை விரித்தார். அந்தப் பெண் மழையில் வெறும் பையோடு லைனுக்கு நடந்தார். அன்று ராத்திரி அந்த வீட்டில் சோறு வெந்தது பக்கத்து வீட்டு அரிசியில். மறுநாள் புருஷன் வேலைக்குப் போகாமல், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூடலூர் டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சாமான் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். வடக்கே இருந்து வந்த குடும்பங்கள் பஜாருக்கு நேரே வருவதை விட்டுவிட்டன. தமிழ் பேசத் தெரிந்த ஒருவனிடம் காசைக் கொடுத்து வாங்கிவரச் சொல்கிறார்கள். அவன் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறான். பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்கு ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால் அவர் எடுப்பதில்லை. எடுத்தால் வங்காளி பேச வேண்டியிருக்கும். மணி அடித்து ஓயும் வரை போனைப் பைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். டாக்காவில் இருக்கிற எந்த வெறியனுக்கு இதனால் வலித்தது என்று சங்கம் எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

அந்தப் பெண் இந்து என்பதையும் சொல்லியாக வேண்டும். லைன் வீட்டுச் சுவரில் காளி படம் மாட்டி வைத்திருக்கிறார். ஆனால் அதைச் சான்றிதழாக உங்கள் முன் நீட்ட எனக்கு மனமில்லை. அதே லைனில் அசாமிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பமும் இருக்கிறது. அவர்களுக்கும் பசிக்கும், அவர்களும் இந்த நாட்டுக் குடிமக்கள்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இவர்கள் அம்புகூட இல்லையே அண்ணாச்சி.

உங்கள் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் துர்கா பூஜையின்போது வங்கதேசத்தின் குமில்லாவில் ஒரு பந்தலில் கிளம்பிய வதந்தி, பல மாவட்டங்களில் கோயில்களையும் வீடுகளையும் நாசமாக்கியது. 2024 ஆகஸ்டில் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா நாட்டை விட்டு ஓடியபோது மறுபடியும் இந்துக்களின் வீடு, கடை, கோயில் என்று தாக்கினார்கள். 1951இல் அங்கே 100 பேரில் 22 பேர் இந்துக்கள். 2022 கணக்கெடுப்பில் 8 பேருக்கும் குறைவு. ஊர் ஊராகக் காலி செய்துகொண்டு போனவர்களின் கணக்கு அது. வாய் திறக்காமல் இருக்க முடியாது என்று நீங்கள் நினைத்தது நியாயம்.

அப்படியானால் முதல் வரியையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். நம் பஜாரில் வங்கதேசச் சரக்கு எது என்று சங்கத்தில் யாராவது பார்த்தீர்களா? அந்த நாட்டு ஏற்றுமதியில் 100க்கு 80க்கு மேல் ஆயத்த ஆடைதான். பேரன் போட்டுக்கொண்டு திரியும் பெரிய கம்பெனி டி-ஷர்ட்டின் கழுத்து லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நம் உருளைக்கிழங்கு மூட்டைச் சாக்கு எந்த ஊர்ச் சணல் என்று மண்டியில் கேளுங்கள். 2025 மே மாதம் மத்திய அரசே அந்நாட்டு ஆடைகள் தரைவழியாக வரக் கூடாது என்று தடுத்து, கொல்கத்தா, மும்பை பக்கத்து நவசேவா ஆகிய துறைமுகங்கள் வழியாக மட்டும் விட்டது. லேபிளைப் பார்க்கவும் மண்டியில் கேட்கவும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். பிள்ளையோடு வந்த ஒரு பெண்ணை விரட்ட அந்த வேலையும் தேவைப்படவில்லை.

சரக்கைப் புறக்கணிப்பதிலும் கண்ணைத் திறந்துதான் செய்ய வேண்டும். வங்கதேசத்தில் சில்ஹெட் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? வெள்ளைக்காரன் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கூட்டிப்போன இந்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். 2022 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும்வரை ஒரு நாள் கூலி அந்நாட்டுப் பணத்தில் 120 டாக்கா. போராடிய பிறகு 170. அந்தத் தேயிலையை ஒதுக்கினால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில்? தேயிலையை நம்பிப் பிழைக்கிற ஊர் நம்முடையது, இதை நமக்கு வெளியாள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

யார் மடியில் காசு விழுகிறது என்று பார்த்துச் செய்தவர்களும் உண்டு. முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்களை மியான்மர் ராணுவம் விரட்டியடித்த பிறகு, அந்த ராணுவத்தின் கம்பெனிகள் எவை, அவற்றோடு தொழில் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் எவை என்று 2019இல் ஐ.நா. விசாரணைக் குழு பெயரோடு பட்டியல் போட்டது. ராணுவத்தோடு கூட்டுச் சேர்ந்து அங்கே பீர் காய்ச்சிய ஜப்பானின் கிரின் கம்பெனிக்கு நெருக்கடி கூடியது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கூட்டை முறித்துக்கொள்வதாக அது அறிவித்தது. ராணுவத்தின் கல்லாவை நேராகக் குறிவைத்தார்கள். அதே மியான்மரில் அதற்குச் சில வருஷம் முன்பு பௌத்த அடையாளமாக 969 என்று ஸ்டிக்கர் ஒட்டி, முஸ்லிம் கடையில் வாங்காதே என்று பிக்குகள் சிலர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார்கள். அதுவும் புறக்கணிப்புத்தான். ஜெர்மனியிலும் இதே கதை. 1933 மார்ச்சில், யூதர்கள் மீதான அட்டூழியத்தைக் கண்டித்து நியூயார்க்கிலும் லண்டனிலும் ஜெர்மன் சரக்கை ஒதுக்கச் சொன்னார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி நாஜிகள் யூதர் கடை வாசல்களில், இங்கே வாங்காதே என்ற அட்டையோடு ஆளை நிறுத்தினார்கள்.

நம் பலகையின் முதல் வரி நியூயார்க் பக்கம் நிற்கிறது. இரண்டாவது வரி எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களாவது வாங்காதே என்றார்கள். நாம் விற்க மாட்டோம் என்கிறோம், அதுவும் அரிசியை.

சட்டமும் இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடைக்குள் வராதே என்று தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. கடைகள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஜல்பாய்குரி இந்தியாவில்தான் இருக்கிறது. சந்தேகமாக ஒருவர் தென்பட்டால் விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது. துவரம்பருப்பு நிறுக்கிற கையில் பாஸ்போர்ட் ஆபீசை யார் கொடுத்தது?

இதைப் பேச எனக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. 1948இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு, தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே உழைத்த, இந்திய வம்சாவளித் தமிழர்களான எங்கள் ஜனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் அப்பாவும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்தவர்தான். வந்த புதிதில் இங்கே எங்களைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள், கூப்பிட்டது எல்லாம் அன்போடும் அல்ல. ஆனால் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டு அரிசியை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. இதே பஜாரில் கடன் நோட்டுப் போட்டு, சம்பளம் வரட்டும் என்று சொன்ன கடைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் இன்று உங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள்.

சங்கம் பலகை வைக்க ஆசைப்பட்டால் விஷயத்துக்கா பஞ்சம்? பழைய ஜென்மிகளின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளப் போட்ட 1969 ஜென்மம் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலத்தில் தலைமுறையாக வீடு கட்டி இருக்கிறவர்களுக்குப் பட்டா ஒரு கனவு, பல வீடுகளுக்குக் கரண்டும் கனவு. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை இல்லை. சாயங்காலம் ஆனால் யானைக்குப் பயந்து டியூஷன் போன பிள்ளையைத் தேடி ரோட்டுக்கு ஓடுகிறோம். இதற்கெல்லாம் சங்கத்தின் பெயின்ட் டப்பா திறந்ததே இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் நடக்கிற கொடுமைக்கு மட்டும் நமக்கு வீரம் வந்துவிடுகிறது, அந்த வீரமும் லைன் வீட்டுப் பெண்ணைப் பார்த்துத்தான்.

பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள். பலகையை எடுக்கச் சொல்லவில்லை. முதல் வரி இருக்கட்டும், அதைச் செய்தும் காட்டுங்கள், லேபிள் பார்க்க நானும் கூட வருகிறேன். அதோடு, அன்று திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் இனி லைன் ஆட்களுக்கு மற்றவர்களைப் போலவே சாமான் கொடுப்பார்கள் என்று சங்கம் எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தால், மேஸ்திரிகள் வழியாக அந்தக் குடும்பங்களுக்குச் செய்தி சொல்லிவிடலாம். அடுத்த சம்பளத்துக்கு முன்பு இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தேவைப்பட்டால் பெயின்ட் செலவை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் பழைய வாடிக்கையாளன்