எட்டரை மணி நேரமா, 217 நிமிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நார்வேயின் ஸ்டூர்ஹாமர் ஐஸ் ஹாக்கி கிளப் பற்றி ஞாயிறு விளையாட்டு மலரில் வந்த கட்டுரையில், 'எட்டரை மணி நேரம் இடைவிடாமல் ஆடிய அணி' என்று போட்டிருந்தீர்கள். 2017 மார்ச் 12 மாலை 6 மணிக்கு ஹாமர் நகரில் தொடங்கிய அந்த ஆட்டம் நள்ளிரவு தாண்டி 2.32-க்குத்தான் முடிந்தது. அது சரி. ஆனால் ஐஸ் ஹாக்கியில் நடுவர் விசில் அடித்ததும் ஆட்டக் கடிகாரம் நின்றுவிடும். இடைவேளைகளும் கணக்கில் சேராது. உலகின் மிக நீண்ட ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்று ஏட்டில் ஏறிய நேரம் 217 நிமிடம் 14 விநாடி. வழக்கமான மூன்று கட்டங்களுக்கு 60 நிமிடம். 1-1 என்று நின்றதால் 20 நிமிடக் கூடுதல் கட்டங்கள் தொடங்கின. அவற்றில் ஏழு கோல் இல்லாமலே கழிந்தன, அதற்கு 140. எட்டாவதில் 17 நிமிடம் 14 விநாடியில் ஸ்டூர்ஹாமரின் யோகிம் யென்சென் கோல் அடிக்க, எதிரணி ஸ்பார்ட்டா 2-1 என்று தோற்றது.

'ஷூட்-அவுட் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒவ்வொருவராக கோல் அடிக்க முயல்வது) வைத்து முடித்திருக்கலாமே' என்று கட்டுரையாளர் கேட்கிறார். லீக் சுற்றில் அப்படித்தான் முடிப்பார்கள். லீக் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில் அந்த வழி கிடையாது; கோல்கீப்பர் போக ஐந்து பேருக்கு ஐந்து பேர், முதல் கோல் விழும்வரை ஆட வேண்டியதுதான். ஏழு ஆட்டங்கள் கொண்ட காலிறுதித் தொடரில் இது ஐந்தாவது.

கோல் ஏன் வறண்டது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. களைத்த கால்களோடு ஆறேழு கட்டம் தாண்டியபின் யாரும் துணிந்து முன்னேற மாட்டார்கள். எதிரணிப் பகுதியில் பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டை) பறிகொடுத்தால் திரும்பி ஓடி வரத் தெம்பு இருக்காது. ஐஸும் ஒத்துழைக்காது. ஸ்கேட் பிளேடுகள் சீவிப்போடும் பொடி தரையில் சேரச் சேர, பாஸ் பாதி வழியில் வேகம் இழக்கும். அதனால்தான் ஒவ்வொரு இடைவேளையிலும் ஐஸ் இயந்திரம் மேற்பரப்பைச் சீவி, கழுவி, சுமார் 60 டிகிரி வெந்நீரை மெல்லிய படலமாக விடுகிறது. வெந்நீரில் கரைந்த காற்று குறைவு. அது பழைய ஐஸின் மேல்தோலைச் சற்றே உருக்கி, அதோடு ஒட்டி, கெட்டியாக உறையும். உறையும் முன்பே ஆட்டத்தைத் தொடங்கினால் பக் ஈரத்தில் இழுபடும். பக்கும் கவனிக்க வேண்டிய சாமான். 7.62 செ.மீ. விட்டம், 2.54 செ.மீ. தடிமன், சுமார் 165 கிராம் கெட்டி ரப்பர். உறைய வைத்து எடுத்தால் தரையோடு வழுக்கும், வெதுவெதுப்பானால் துள்ளும். நீளும் ஆட்டத்தில் குளிரூட்டிய பக்குகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் போட்டிருந்த படமும் வேறு கட்டடத்தினுடையது. கவிழ்த்த படகு மாதிரிக் கூரை கொண்ட அது 'வைக்கிங் கப்பல்' அரங்கம். 400 மீட்டர் ஓடுதளம் கொண்ட, ஸ்பீடு ஸ்கேட்டிங் நடக்கும் இடம். ஸ்டூர்ஹாமரின் சொந்த மைதானம் அதே ஊரில் 1992-ல் பலகைகளை ஒட்டிச் செய்த மர உத்தரங்களால் எழுப்பப்பட்ட ஒலிம்பிக் ஆம்ஃபி அரங்கம். 1994 லில்லேஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங், ஷார்ட் ட்ராக் (குறுந்தட ஸ்கேட்டிங் பந்தயம்) போட்டிகள் அங்கேதான் நடந்தன. அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை நான்சி கெரிகன் தாக்கப்பட்டதில் போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் பெயர் அடிபட, உலகமே வாய்பிளந்து பார்த்த விவகாரத்தின் கடைசிக் காட்சியும் அந்த ஐஸில்தான். (ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு ஐஸை மைனஸ் 3, 4 டிகிரியில் சற்று இளக்கமாக வைப்பார்கள், குதித்து இறங்குபவரின் காலைத் தாங்க. ஹாக்கிக்கு மைனஸ் 5, 6 வரை இறக்குவது வழக்கம்.)

கிளப்பின் வரலாறே அந்த அரங்கத்தைச் சுற்றித்தான் திரும்பியது என்பது என் கணிப்பு. விளையாட்டுச் சங்கம் 1935-ல் பிறந்தது. ஹாக்கிப் பிரிவு 1957-ல். அதன்பின் பல ஆண்டுகள் ஆஸ்லோ அணிகளின் ராஜ்ஜியம்தான். அவற்றில் ஒன்றான வோலெரெங்கா 1960-லேயே நார்வே சாம்பியன் கோப்பையை எடுத்துவிட்டது. ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1995-ல், ஸ்டூர்ஹாமர் முதன்முறை சாம்பியன். 1996, 1997-லும் விடவில்லை. பிறகு 2000, 2004, 2008. அடுத்ததற்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது; அதில் 2012 முதல் 2017 வரை ஸ்டாவாங்கர் ஆயிலர்ஸ் தொடர்ந்து ஆறு முறை அள்ளிக்கொண்டது. உலக சாதனை படைத்த அந்த ஆண்டிலும் கோப்பை ஸ்டாவாங்கருக்கே. 2018-ல் ஸ்டூர்ஹாமர் அதை மீட்டபோது, எட்மண்டன் ஆயிலர்ஸ், பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் என்று வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடித் திரும்பிய பாட்ரிக் தோரேசென் அணியில் இருந்தார்.

2024-ல் ஸ்டூர்ஹாமர் ஐரோப்பிய லீக் கோப்பை வென்றதாக எழுதியிருப்பதும் தவறு. அது அதே பெயர் கொண்ட பெண்கள் ஹேண்ட்பால் அணியின் வெற்றி.

சாதனைப் பட்டியலை மறுபடி வெளியிடும்போது, ஆடிய நேரத்தையும் கடிகார நேரத்தையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். 1936-ல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ், மாண்ட்ரியல் மரூன்ஸை 1-0 என்று வென்ற ஆட்டம் 176 நிமிடம் 30 விநாடி. என்.எச்.எல். சாதனை இன்றும் அதுதான், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஐஸ் ஹாக்கி வாசகர் ஒருவர்