கயிறு இல்லை ஆசிரியரே, நரம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் சரக் கோட்பாடு (string theory) பற்றி வந்த அறிவியல் கட்டுரையை, படிவம் 5 படிக்கும் என் மகள் சத்தமாக வாசித்தாள். "அண்டத்தையே கயிற்றால் கட்டியிருக்கிறதாம்ப்பா" என்றாள். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் மாமா, "அப்போ யாராவது அவிழ்த்துவிட்டால்?" என்று கேட்டார். சிரித்தோம், ஆனால் அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது கட்டுரைதான்.

நான் இங்கே பூப்பந்து மட்டைகளுக்கு நரம்பு பின்னிக் கொடுப்பவன். தோட்டத்துப் பிள்ளைகள் 24 பவுண்டு, 26 பவுண்டு இழுவை என்று கேட்பார்கள், பின்னி முடித்ததும் விரலால் தட்டிப் பார்ப்பேன், இழுவை கூடினால் சத்தம் ணங்கென்று ஏறும், குறைந்தால் தொப்பென்று விழும். சரக் கோட்பாடு சொல்வதும் இந்த இழுவையையும் அதிர்வையும்தான். ஒரே இழை ஒரு விதமாக அதிர்ந்தால் எலக்ட்ரான், வேறு விதமாக அதிர்ந்தால் ஒளித்துகள். அது எதையும் கட்டவில்லை, எல்லாம் அதுவேதான்.

இது எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான கதை, அதைக் கட்டுரை தொடவே இல்லை. 1968-ல் வெனிசியானோ என்ற இத்தாலியர் அணுக்கருவைப் பிடித்து வைத்திருக்கும் வலுவிசைக்காக ஒரு சூத்திரம் எழுதினார். 1970 வாக்கில் நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் தனித்தனியாக, அந்தச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருப்பது அதிரும் இழை என்று கண்டார்கள். ஆனால் கணக்கில் நிறையே இல்லாத ஒரு துகள் அழையா விருந்தாளியாக வந்து நின்றது. வலுவிசையில் அதற்கு வேலையே இல்லை, எவ்வளவு விரட்டியும் போகவில்லை. 1974-ல் ஷெர்க்கும் ஷ்வார்ட்ஸும் சேர்ந்தும், ஜப்பானில் யோனேயா தனியாகவும், இது ஈர்ப்பு விசையைச் சுமக்கும் துகளாயிற்றே என்று சொன்ன பிறகுதான் ஆட்டமே மாறியது.

அப்புறம், "நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று போட்டிருக்கிறீர்களே, அதுதான் பெரிய தப்பு. அந்த இழை புரோட்டானைவிட ஒன்றுக்குப் பின்னால் ஏறக்குறைய 20 சுழியம் போட்ட மடங்கு சிறியதாக இருக்கலாம் என்பது வழக்கமான கணிப்பு, எந்தக் கருவிக்கு அது எட்டும்? ஜெனீவா பக்கத்துத் துகள் மோதியில் 2012-ல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது, சரி. ஆனால் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒன்று இருக்கும் என்று இந்தக் கோட்பாட்டுக்காரர்கள் எதிர்பார்த்த ஜோடித் துகள்கள் இன்னும் சிக்கவில்லை. இடமும் காலமும் சேர்ந்து 10 பரிமாணம் வேண்டும் என்பதும் கணக்கு முரண்படாமல் இருக்க கணக்கே கேட்பதுதான், யாரும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதில்லை.

ஒரு திருத்தம் போடுங்கள் ஆசிரியரே, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மகள் அந்தக் கட்டுரையை வெட்டி அறிவியல் ஏட்டில் ஒட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
மட்டைக்கடை வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்