பேனல் வருகிறது: லேப் டெக்னீஷியன்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம் நம்பிக்கை மையங்களுக்கான (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள்) எச்.ஐ.வி. வெளித் தர மதிப்பீட்டு பேனல், அதாவது நாம் டெஸ்ட்டைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க வெளியிலிருந்து அனுப்பும் மாதிரிக் குப்பிகள், இந்த வாரம் கைக்கு வந்துவிடும். வந்ததும் குப்பிகளை எண்ணி, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டு 2–8 டிகிரியில் வையுங்கள். அதுவும் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம்தான், கையுறை கட்டாயம்.

தினமும் டெஸ்ட் செய்பவரே பேனலையும் செய்யட்டும். சீனியரிடம் கொடுத்து இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்ப்பதோ, பக்கத்து மையத்துக்கு போன் போட்டு "உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பதோ வேண்டாம். இந்தக் குழுவிலும் முடிவைப் போடாதீர்கள்.

போன முறை ஒரு மையத்தில் டெஸ்ட் எல்லாம் சரி. படிவத்தில் எழுதும்போது 3, 4ஆம் குப்பிகளின் முடிவு இடம் மாறிவிட்டது. பேனல் என்பதால் மதிப்பெண்ணோடு போயிற்று. இனி கிட்டின் மேல் எண்ணை எழுதிய பிறகே சீரம் விடுங்கள்.

கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வராவிட்டால், டெஸ்ட் கோடு பளிச்சென்று தெரிந்தாலும் அந்த கிட் செல்லாது. புது கிட்டில் மறுபடி செய்யுங்கள். டைமர் வையுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், காய்ந்த கிட்டில் இல்லாத கோடெல்லாம் தெரியும்! முதல் கிட் ரியாக்டிவ் (டெஸ்ட் கோடும் வந்திருக்கிறது) என்றால், வேறு இரண்டு வகை கிட்டிலும் பார்க்காமல் பாசிட்டிவ் என்று எழுதக்கூடாது.

அப்புறம், ஃபிரிட்ஜ் வெப்பநிலை அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பதிவேட்டுப் பக்கம் வேண்டாம், அதில் பெயர்கள் இருக்கின்றன.