துவையல் டப்பா

கண்ணு,

பார்சலில் கொத்தமல்லித் துவையல் வைத்திருக்கிறேன். சூரமங்கலம் உழவர் சந்தைத் தழை. தண்டையும் சேர்த்துத்தான் அரைத்தேன், வாசமே அதில்தான். தேங்காய் போட்டால் பெங்களூர் வருவதற்குள் ஊசிவிடும், அதனால் நல்லெண்ணெயில் சுருள வதக்கியிருக்கிறேன். மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ டயட் என்றாயே, கடலைப்பருப்பு போடவில்லை. புளியும் சுண்டைக்காய் அளவுதான்.

வீகன் என்றபோது பச்சைச் சட்னிக்குத் தயிரை விட்டு எலுமிச்சை பிழிந்தேன். பேலியோ என்றபோது நிலக்கடலையும் பருப்பு வகை, ஆகாது என்றாய். அதையும் நிறுத்தினேன். எந்த டயட்டிலும் தள்ளுபடி ஆகாதது இந்தத் தழை ஒன்றுதான். தட்டுவடை செட்டுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வை என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்ற பெண், இப்போது தட்டுவடையை விட்டுவிட்டுச் சட்னியை மட்டும் தின்கிறாய்.

சரி, நல்லதுதான். ஆனால் 100 கிராம் தழையில் 23 கலோரிதான் இருக்கிறது. புரதம் 2 கிராம் சொச்சம். கட்டுக் கட்டாகத் தின்றாலும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது. கீட்டோவில் முட்டை, மீன், பனீர் எல்லாம் உண்டுதானே? முட்டை சாப்பிடு.

அப்பாவுக்கு இதய வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை ஓடுகிறது. கொத்தமல்லியில் வைட்டமின் கே அதிகம், அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாள் அள்ளிப் போட்டு மறுநாள் விடாதீர்கள், தினமும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார். அவரும் ரசத்தில் கிள்ளிப் போடுவதைக்கூடக் கணக்குப் பார்க்கிறார். நீ என்னடாவென்றால் டயட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறாய்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். சின்னத்தைக்கு ஒரே பெருமை. நீ அனுப்பிய படத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. வெளிச்சம் சரியில்லை.

மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "ஆச்சும்மா" என்கிறாய். என்ன ஆச்சு? தட்டில் என்ன இருந்தது என்று சொல். முட்டையாவது இருக்கட்டும், இரண்டாக.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். நான்தான் கேட்பேன்.

அம்மா